மகளின் ஸ்பானிஷ் தேர்வுக்கு எல்லையம்மன் என் வாயைக் கட்டினாள்

பொங்கல் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, முகப்பேரில் என் மகள் பவித்ரா படிக்கிற பள்ளியிலிருந்து போன் வந்தது. அவளுடைய ஸ்பானிஷ் மிஸ் பேசினார். ஒன்றும் பயப்படாதீர்கள், ஆனால் இன்றைக்கே வாருங்கள் என்றார். பயப்படாதே என்று சொன்னாலே எனக்குக் கை கால் ஓடாது. கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே நிறுத்திவிட்டுப் பஸ் ஏறினேன்.

மிஸ் தன் போனை மேசைமேல் வைத்து ஒரு பதிவைப் போட்டார். பத்தாம் வகுப்புக்கு ஸ்பானிஷில் பேச்சுத் தேர்வு உண்டு. மிஸ் கேள்வி கேட்பார், பிள்ளை ஸ்பானிஷிலேயே பதில் சொல்ல வேண்டும், அதைப் பதிவு செய்து வெளியே அனுப்பி மார்க் போடுவார்கள். அதற்கான ஒத்திகையைத்தான் எனக்குப் போட்டுக் காட்டினார். மொத்தம் ஏழு நிமிடம். முதல் நிமிடம் என் மகள் கணீரென்று பேசினாள். பெயர் சொன்னாள், வயசு சொன்னாள், ஊர் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குப் பிறகு மிஸ் என்னமோ கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். பதில் இல்லை. மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மீதி ஆறு நிமிடமும் அதுதான். உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன்.

நிஜத் தேர்வு மாசி மாதக் கடைசியில். அதிலும் இப்படி நின்றால் ஸ்பானிஷ் போய்விடும், ஸ்பானிஷ் போனால் இந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு கிடையாது, ஒரு வருடம் வீணாகும் என்று மிஸ் பொறுமையாகச் சொன்னார். நல்ல பெண் அவர். என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அந்த ஸ்பானிஷை என் மகள் கேட்கவில்லை. ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது, தமிழ் இருக்கட்டும், கூட இன்னொரு மொழி எடுக்க வேண்டும் என்று படிவம் கொடுத்தார்கள். ஸ்பானிஷ் எடுத்தால் மார்க் அள்ளிக்கொண்டு வரலாம் என்று வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா சொன்னாள். அவள் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அவள் பேச்சைக் கேட்டு டிக் அடித்தவள் நான்.

நம் எல்லையம்மன் கோயில் விளக்குப் பூஜைக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் செல்வி. அண்ணனூரில் வீட்டோடு இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் ரயில் பணிமனையில் வேலை பார்க்கிறார். எங்களுக்கு ஒரே பெண். எனக்கு வாய் அதிகம். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சொல்லப்போகிறீர்கள். தெருக்கோடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே என் சத்தம் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் வீட்டில் பேசுகிற நாலு வார்த்தையில் அது ஒன்று.

மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, நானும் பத்தாவது பாஸ் செய்தவள்தானே. மிஸ் கொடுத்த அறுபது கேள்விக்கும் அறுபது பதில் இருந்தது. போனை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்கவிட்டு, காதால் கேட்டு, தமிழ் எழுத்தில் ஒரு நீட்டு நோட்டில் எழுதினேன். ‘மே யாமோ பவித்ரா’ என்றால் என் பெயர் பவித்ரா. இப்படி அறுபதும். எழுதி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. தினமும் சாயந்திரம் மாவு பாக்கெட் கட்டிக்கொண்டே அவளை எதிரில் நிற்க வைத்து ஒப்பிக்கச் சொல்வேன். ஒரு வார்த்தை தப்பினாலும் விடமாட்டேன். முதலிலிருந்து ஆரம்பி என்பேன். நாற்பதாவது பதிலில் தப்பினாலும் ஒன்றாவதிலிருந்துதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுளை எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கும் எனக்கு எல்லாம் மறக்காமல் இருக்கிறது, முதலிலிருந்து சொல்லவிட்டால்.

ஒத்திகையில் மிஸ் மூன்றாவது கேள்விக்குப் பிறகு முப்பத்தியொன்றைக் கேட்டுவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று. என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? முப்பத்தியொன்றாவது பதிலுக்கு வருவதற்காக, மனசுக்குள்ளேயே நாலு, ஐந்து, ஆறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் பாதி வழி வருவதற்குள் மிஸ் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இதை அவள் எனக்குச் சொன்னது ரொம்ப நாள் கழித்து. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அறுபதும் தெரிந்த பிள்ளை வாயைத் திறக்கவில்லை என்பதுதான்.

அன்றைக்காவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டுக்கு வந்து கத்தினேன். அறுபதும் தெரிந்தும் ஏன்டி மரம் மாதிரி நின்றாய் என்று கேட்டேன். காலையில் இருபது, சாயந்திரம் நாற்பது என்று பங்கு போட்டேன். அவள் சாப்பிடும்போது கேட்டேன். தலை பின்னும்போது கேட்டேன். ஆவடிக்கு அவள் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவள் இலையை மூடிவிட்டு எழுந்துபோனாள்.

அதன் பிறகு நடந்ததுதான் பெரிது. ஒப்பிக்கிற நேரம் போக, பவித்ரா தமிழில்கூடப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிட்டாயா என்றால் தலையாட்டுவாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்றால் ஒன்றும் இல்லை என்று கையைக் காட்டுவாள். வாடிக்கையாளர் யாராவது வந்து அம்மா எங்கே பாப்பா என்று கேட்டால் உள்ளே ஓடிப்போய் என் புடவையைப் பிடித்து இழுப்பாள். பதினைந்து வயசுப் பெண். தெருவில் எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தவள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“ஊட்ல ஒருத்தரே எல்லாத்தையும் பேசிக்கினு இருந்தா, மத்தவங்க இன்னாமே பேசுறது?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் யாருக்காகப் பேசுகிறேன்? அன்றைக்கு அவருக்கு உப்பில்லாத குழம்புதான். வேண்டுமென்றே போடவில்லை, கோபத்தில் மறந்துவிட்டேன். அவர் அதையும் பேசாமல் சாப்பிட்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தேர்வுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, ஒப்பிக்கும்போது பதினெட்டாவது பதிலில் தப்பினாள். முதலிலிருந்து என்றேன். அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பல நாளைக்குப் பிறகு தமிழில் வாயைத் திறந்தாள்.

“வாய் தொறந்தாலே தப்பாத்தான் வருதும்மா. நான் பரிட்சைக்குப் போகல. ஃபெயிலாவே இருந்துட்டுப் போறேன். என்னை உட்டுடு.”

சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நோட்டை அப்படியே போட்டுவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன்.

நம் கோயில் உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை ராகு காலம் முடிந்துவிட்டால் கூட்டம் இருக்காது. பூசாரி வெளியே பூ கட்டிக்கொண்டிருந்தார். அம்மன் மஞ்சள் பூசி, எலுமிச்சை மாலை போட்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எல்லாம் அழுது கேட்பார்கள். நான் சண்டை போட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு மாமியார் மருமகளைக் கேட்கிற மாதிரி கேட்டேன். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து உனக்கு நான் எதில் குறை வைத்தேன், ஆடிக்கு ஆடி கூழ் ஊற்றவில்லையா, தீ மிதிக்கிற வருடம் காப்பு கட்டவில்லையா, என் பிள்ளை ஊமையாகிக்கொண்டு வருகிறாளே, உனக்குக் கண் இல்லையா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே வந்தவள், கடைசியில் ஆத்திரத்தில் ஒன்றைச் சொன்னேன்.

“எங்கிட்டதான் இவ்ளோ பேச்சு கீதே, அத்த எடுத்து அவளுக்குக் குடு. எனக்கு வேணாம்.”

சொல்லிவிட்டுக் கற்பூரம்கூட ஏற்றாமல் வந்துவிட்டேன். வெளியே பூசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவள் யாரோடு சண்டை போட்டுவிட்டு வருகிறாள் என்று நினைத்திருப்பார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் தொண்டை கரகரவென்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பால்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்று மட்டும்தான் வந்தது. கனைத்துப் பார்த்தேன், வெந்நீர் குடித்தேன், மிளகைக் கடித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. பால்காரர் இரண்டு முறை மணி அடித்துவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை சாயந்திரம் அம்பத்தூரில் ஒரு தொண்டை டாக்டரிடம் போனோம். வீட்டுக்காரருக்கு ஷிப்ட். ஆகவே பவித்ராதான் கூட வந்தாள். டாக்டர் ஒரு குழாயை விட்டுப் பார்த்தார். குரல்வளையில் நரம்பெல்லாம் வீங்கிக் கிடக்கிறது, கத்திக் கத்திப் புண்ணாக்கி வைத்திருக்கிறீர்கள் என்றார். மருந்து கொஞ்சம்தான். முக்கியமான மருந்து, பத்து நாள் பேசவே கூடாது. மெதுவாகப் பேசலாமா என்று சைகையில் கேட்டேன். கிசுகிசுவென்று பேசுவது அதைவிடக் கெடுதல், பேசினால் குரல் நிரந்தரமாகப் போகலாம் என்றார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, என்ன வேலை செய்கிறார்கள், வீட்டில் சத்தமாகப் பேசுவார்களா என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று பார்த்தேன். பவித்ராவை. அங்கே வேறு யாரும் இல்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சத்தமாகப் பேசுவார்களா என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்குச் செவ்வாய்க்கிழமை நான் சொன்னது ஞாபகம் வந்தது. உடம்பு சிலிர்த்தது. அடுத்த நொடியே எரிச்சல் வந்தது. தாயே, ஒரு பேச்சுக்குச் சொன்னால் இப்படியா எடுத்துக்கொள்வது? தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. பத்து நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? கேட்டது ஒன்று, நீ கொடுத்தது ஒன்று. இதையெல்லாம் மனசுக்குள்தான் சொல்ல முடிந்தது. வாய்விட்டுத் திட்டக்கூட விடவில்லை அவள்.

முதல் இரண்டு நாளும் நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வேண்டாம். பேசாமல் இருப்பது சும்மா இருப்பது என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். கடைக்கு வருகிறவர்கள் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டுவேன். உடனே அவர்கள் எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கத்திப் பேசுவார்கள். பத்துப் பேர் பத்து வைத்தியம் சொன்னார்கள். சித்தரத்தை என்றார்கள், அதிமதுரம் என்றார்கள். எதிர்வீட்டு அம்மா மட்டும், இந்தத் தெருவே கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துச் சொன்னாள். அதற்கு அம்மன் அவளைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வேறு வழியில்லாமல் சாயந்திரம் கடையில் பவித்ரா நின்றாள். முதல் நாள் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தைதான். எவ்வளவு, இந்தாங்க, அவ்வளவுதான். இரண்டாவது நாள் ஒரு அம்மா, நேற்று வாங்கிய மாவு புளித்துப்போய்விட்டது என்று சண்டைக்கு வந்தாள். நான் எழுந்து உள்ளே இருந்து வந்தேன். வந்து என்ன செய்வது, கையைத்தான் ஆட்ட முடியும். அதற்குள் பவித்ரா பேசிவிட்டாள். வெயில் காலம் ஆன்ட்டி, வாங்கினவுடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், வெளியே வைத்தீர்களா என்று கேட்டாள். அந்த அம்மா வெளியேதான் வைத்திருந்தாளாம். இன்னொரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடிந்திருந்தால், இன்னும் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருக்கலாம் என்று கட்டாயம் சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை சமையலறையில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று ஸ்பானிஷில் ஒரு வாக்கியம் சொன்னாள். நான் நிமிர்ந்தேன். அறுபதில் அது இல்லை. எனக்கு அறுபதும் அத்துப்படி, ஆகவே இல்லை என்று உடனே தெரிந்துவிட்டது. ‘மி மாத்ரே’ என்பது மட்டும் புரிந்தது. அம்மா என்று அர்த்தம். என்ன என்று கையால் கேட்டேன். அம்மா வெங்காயம் நறுக்குகிறாள் என்று சொன்னாளாம். பிறகு இன்னொன்று சொன்னாள். அம்மா அழுகிறாள், ஆனால் சோகமாக இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. நான் எது செய்தாலும் அதை ஸ்பானிஷில் சொல்லுவாள். துணி காயப்போட்டால் சொல்லுவாள். கிரைண்டரைக் கழுவினால் சொல்லுவாள். பாதியில் நிற்பாள், யோசிப்பாள், வேறு மாதிரி ஆரம்பிப்பாள். அப்பா வரும் சத்தம் கேட்டால் அப்பா வருகிறார் என்பாள். அறுபது பதிலில் சேர்ந்த வார்த்தைகளையெல்லாம் பிய்த்துப் பிய்த்து எடுத்து வேறு விதமாகக் கோத்துக்கொண்டிருந்தாள்.

தப்பு இல்லாமலா? ஏகப்பட்ட தப்பு. எனக்கு ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் நோட்டில் இருக்கிற வார்த்தை எப்படி முடிய வேண்டும் என்று தெரியும். அவள் வேறு மாதிரி முடிப்பாள். என் நாக்கு துடிக்கும். ஒருநாள் தாங்க முடியாமல் கரண்டியால் பாத்திரத்தில் டணார் என்று ஒரு போடு போட்டேன்.

“கரண்டியும் பேசக் கூடாதும்மா. டாக்டர் சொன்னாரு இல்ல?”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எவ்வளவு நாள் கழித்து அந்தச் சிரிப்பு. தப்பை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனாள். போனவள் நிற்கவே இல்லை. நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

புதன்கிழமை என்று நினைக்கிறேன், இட்லி மாவைப் பற்றிச் சொல்லப் பார்த்தாள். மாவுக்கு வார்த்தை தெரியவில்லை. முன்பாக இருந்தால் நோட்டைத் தேடியிருப்பாள், அல்லது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். என் முகத்தைப் பார்த்தாள்தான். அங்கே பதில் இல்லை. கொஞ்ச நேரம் விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அரிசி என்றாள், தண்ணீர் என்றாள், இயந்திரம் என்றாள், ராத்திரி தூங்குகிறது என்றாள், காலையில் பெரிசாகிறது என்றாள். ஒவ்வொன்றையும் எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். வார்த்தை தெரியாவிட்டாலும் சொல்லிவிடலாம்மா என்று அவள் சொன்னபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்குப் பூஜை அறையில் விளக்கேற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பிள்ளைக்கு வாயைக் கொடு என்று கேட்டேன். அவளுக்கு வாய் இல்லாமலா இருந்தது? அவள் ஒரு வார்த்தை தொடங்கும்போதே அதன் மேல் நான் உட்கார்ந்துகொண்டிருந்தேன். ஒப்பிக்கும்போது மட்டுமல்ல. டாக்டர் கேட்டால், பக்கத்துவீட்டுக்காரர் கேட்டால், அவள் அப்பா கேட்டால்கூட, அவளுக்குக் கேட்ட கேள்விக்கு நான்தான் பதில் சொல்வேன். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அழுதேன். சத்தம் போட்டு அழவும் முடியாத நிலைமை. அம்மா, மன்னித்துக்கொள் என்று மனசுக்குள் சொன்னேன். அம்மனைத்தான் கேட்டேன். என் மகளைக் கேட்க எனக்கு அன்றைக்கு வாயும் இல்லை, மனசும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பத்து நாள் முடிந்தது. புதன்கிழமை காலையில் பேசிப் பார்த்தேன். கரகரப்பாக ஆனாலும் குரல் வந்தது. மறுநாள் வியாழக்கிழமை தேர்வு. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், குரல் வந்தவுடன் நான் முதலில் செய்தது, அலமாரியிலிருந்து அந்த நீட்டு நோட்டை எடுத்தது. ஒரே ஒரு தரம், கடைசியாக ஒரு தரம், அறுபதையும் ஓட்டிவிட்டால் மனசு ஆறும் என்று தோன்றியது. பத்து நாளில் அவள் அதைத் தொடவே இல்லை. எல்லாம் மறந்திருப்பாள். மறந்துபோனால் யார் பொறுப்பு? நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

பவித்ரா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். நோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தோள் இரண்டும் மேலே ஏறி, கழுத்து உள்ளே போனது. அடி விழப்போகிறது என்று தெரிந்த பிள்ளை இருக்கிற மாதிரி இருந்தாள். நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. என் பேச்சு அவளுக்கு அப்படித்தான் இருந்திருக்கிறது.

தாயே, இந்தத் தடவை டாக்டர் சொல்லவில்லை, தொண்டை வீங்கவில்லை, நானாகத்தான் மூடிக்கொள்ள வேண்டும், நீ கூட இரு என்று வேண்டினேன். அந்த நோட்டைப் பழைய பேப்பர் மூட்டையில் போட்டேன். தோசை ஊற்றப் போகிறேன், எத்தனை வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவள் மூன்று என்று ஸ்பானிஷில் சொன்னாள். தோள் இறங்கிவிட்டிருந்தது.

வியாழக்கிழமை நானும் முகப்பேர் வரை பஸ்ஸில் போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னென்னவோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நான் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டேன், அவ்வளவுதான். நன்றாகச் செய் என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் அதோடு நிற்காது என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். அவள் உள்ளே போனாள். நான் பள்ளி கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில், அம்மா தாயே எல்லையம்மா என்று சொல்லிக்கொண்டே நின்றேன். காவலாளி இரண்டு முறை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். உட்கார முடியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மிஸ் தானே வெளியே வந்தார். அவர் சிரித்தார்.

“நடுவுல ஒரு இடத்துல நின்னுட்டாம்மா. எனக்கு பயமாப் போச்சு. ஆனா ‘கொஞ்சம் இருங்க, யோசிக்கிறேன்’னு ஸ்பானிஷ்லயே சொல்லிட்டு, மறுபடி பேச ஆரம்பிச்சுட்டா. தப்பு இருக்கு. ஆனா நிறுத்தவே இல்ல.”

பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியும் கேட்டாராம். வீட்டில் இருக்கிற ஒருவரைப் பற்றிச் சொல் என்று. யாரைப் பற்றிச் சொன்னாள் என்று கேட்டேன். உங்களைப் பற்றித்தான் என்றார். என்ன சொன்னாள் என்று கேட்டேன். அதை அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என் நுனி நாக்கில் நின்றது. கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அடுத்த நாளும் கேட்கவில்லை. கேட்டால் அது இன்னொரு ஒப்பித்தலாகிவிடும் என்று பயந்தேன். இதைவிடப் பெரிய விரதம் நான் இருந்ததில்லை. தீ மிதித்தது இதற்கு எவ்வளவோ சுலபம்.

தேர்வு முடிவு வந்தபோது பவித்ரா ஸ்பானிஷில் தேறியிருந்தாள். பேச்சில்தான் நல்ல மார்க். அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் சேதி கேட்டதும், இன்னாமே, உன் தொண்டைய அம்மன் ஒரு மாசம் வெச்சிக்கினு இருந்திருந்தா டாக்டருக்கே படிச்சிருப்பா போல என்றார். இந்த வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் குழம்பில் உப்பு போட்டேன்.

சகோதரிகளே, நான் முழுசாக மாறிவிட்டேன் என்று சொன்னால் நம் தெருக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு இன்னும் வாய் இருக்கிறது. எதிர்வீட்டு அம்மாவுக்கு அவள் கணக்கை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்ததிலிருந்து விளக்கேற்றும் வரை மௌனமாக இருக்கிறேன். பிள்ளையிடம் கேட்ட கேள்விக்குப் பிள்ளைதான் பதில் சொல்கிறாள். இடையில் புகுந்துவிட்டால் அவளே விரலை உதட்டில் வைத்துக் காட்டுவாள். உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். நம் தாயிடம் போய்க் கேளுங்கள். அழுது கேட்கத் தெரியாவிட்டால் என்னைப்போலச் சண்டை போட்டாவது கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நாம் நினைத்த வழியில் வராது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் வரும். நம்பிப் போங்கள்.

இந்த ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றப் போயிருந்தோம். பவித்ராவும் கூட வந்து பானையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் குறைந்த பிறகு, அம்மனுக்கு நேரெதிரே நின்றுகொண்டு அவளாகவே கேட்டாள். உன்னைப் பற்றி அன்றைக்கு என்ன சொன்னேன் என்று இத்தனை நாள் கேட்கவே இல்லையே, ஏன் என்றாள். நீ சொல்கிற அன்றைக்குத் தெரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன் என்றேன்.

“எங்கம்மா ரொம்ப கோவக்காரின்னு சொன்னேன். ஆனா நான் பேசுனா, முழுசா கேப்பாங்கன்னு சொன்னேன்.”

முதலாவது நெடுநாளாக உண்மை. இரண்டாவது அப்போது பத்து நாளாகத்தான் உண்மை. அவள் அதை நம்பி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அம்மன் முன்னால் நின்று, அதைப் பொய்யாக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.